தண்ணி எங்க போகும்?

அப்பாவின் வேலை கான் வெட்டுவது, அதாவது மழைத்தண்ணி வடிகிற வாய்க்கால் வெட்டுவது. தேயிலை மலையில் கொழுந்து பறிப்பது பெண்கள் பக்கம் என்றால், கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), கான் வெட்டு, மருந்தடிப்பு எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் பக்கம். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அவர் மம்பட்டியோடு மலைக்குப் போனார். சரிவுக்குக் குறுக்கே, லேசான சாய்வோடு, மழைத்தண்ணி மண்ணை வாரிக்கொண்டு போகாமல் பக்கத்து ஓடையில் போய்ச் சேருகிற மாதிரி கானை வெட்ட வேண்டும். சாய்வு கூடினால் தண்ணி கானையே அரித்துவிடும். குறைந்தால் மண் படிந்து அடைத்துவிடும். அப்பாவிடம் அளவுக் கருவி எதுவும் கிடையாது. குனிந்து கண்ணால் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஒரு வாளித் தண்ணியை ஊற்றிப் பார்ப்பார்.

நான் ஒரு பெரிய பொறியியல் கம்பனியில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். மலைநாட்டில் வீதிகளை அகலமாக்கும்போது மலையின் ஒரு பக்கத்தை வெட்டுவார்கள் அல்லவா, அந்த வெட்டிய முகம் இறங்கி வராமல் கட்டிவைப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. கம்பனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், "அக்கா, பெரிய கம்பனியில சேர்றது நல்லதா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஓ.எல். (சாதாரண தரம்) படித்த காலத்தில் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்மலை ஓயாவை டவுனுக்குப் பக்கத்திலேயே மறித்து, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் விட்டு, நிலத்துக்கு அடியில் இருக்கும் நிலையத்தில் 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம். 2012இல் அது இயங்கத் தொடங்கியது. சென் கிளயர் அருவி வற்றிப்போகும் என்று ஒரு பக்கம் எதிர்ப்பு, வேலை கிடைக்கும் என்று ஒரு பக்கம் எதிர்பார்ப்பு. எங்கள் லயத்திலிருந்தும், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்தும், நாலைந்து பேர் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் மஞ்சள் தொப்பியோடு படியேறி வருவார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர்கள் ஜீப்பில் போவார்கள். அவர்கள் யார் என்று பக்கத்துக் காம்பிரா (லயத்து வீடு) மாமாவிடம் கேட்டேன். "இஞ்சினியர்மாரு புள்ள. அவங்க வரைஞ்சி குடுப்பாங்க, நாங்க தோண்டுவோம்" என்றார். தோண்டுகிறவரின் மகள் வரையக் கூடாதா என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

மலைநாட்டில் தமிழில் கணிதப் பிரிவு படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பதினான்கு மாதம் பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லை. சனி, ஞாயிறு ஹற்றனுக்கு பஸ் ஏறி டியூஷன் போனேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதி வரிசை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா மாவட்டப் பங்கில்தான் நான் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போனேன். கம்பனியில் சேர்ந்த புதிதில் ஒருவர் இதை எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டினார். அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று யாராவது சொன்னால், ஆசிரியர் இல்லாத அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி நிதானமாகச் சொல்கிறேன். ஒருவரும் அதற்கு மேல் பேசியதில்லை.

பேராதனையில் மண் பொறியியல் வகுப்பில்தான் பேராசிரியர் துரைராஜாவின் பெயரை முதன்முதலில் கேட்டேன். அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். 1963இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, நனைந்த களிமண் சுமையின் கீழ் எப்படி நெகிழ்கிறது என்று கணக்கிட வழி காட்டியது. உலகம் முழுக்க மண் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் 'கேம் கிளே' என்று படிப்பது அதிலிருந்து வந்ததுதான். அவர் பின்னாளில் இதே பீடத்தின் பீடாதிபதியாகவும், அதற்குப் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். ஒரு தமிழ் ஆசிரியர், இதே கட்டடத்தில், இதே மண்ணைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்று சொல்லி முடியாது. மண் பிரிவை நான் எடுத்ததற்கு அப்பா ஒரு காரணம், அவர் ஒரு காரணம்.

சரி, கம்பனிக்கு வருகிறேன். முதலில் நல்லது.

பெரிய கம்பனி கற்றுக்கொடுக்கிறது. இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். சிறிய கொந்தரப்புக்காரரிடம் (ஒப்பந்தக்காரரிடம்) வேலை செய்திருந்தால், சுவர் கட்டுகிற முறையை மட்டும் பழகியிருப்பேன். இங்கே ஆய்வுகூடம் இருக்கிறது, மண்ணைத் துளைத்து மாதிரி எடுக்கும் இயந்திரம் இருக்கிறது, சரிவுக்குள் தண்ணி எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கிற குழாய்கள் இருக்கின்றன, இருபது வருடத்து ரிப்போர்ட்டுகள் அலுமாரி அலுமாரியாக இருக்கின்றன. முதல் ஆறு மாதம் என்னை கொங்றீட் சோதனையில் போட்டார்கள். 150 மில்லிமீட்டர் கட்டிகளாக வார்த்து, தண்ணியில் ஊறவைத்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் நசுக்கிப் பார்க்க வேண்டும். கொங்றீட்டின் இளக்கத்தைப் பார்க்கிற கூம்பில் மூன்று தட்டாக நிரப்பி, தட்டுக்கு இருபத்தைந்து குத்து. குத்தை எண்ணாமல் விடுகிற ஆள் கணக்கையும் பொய்யாக எழுதுவான் என்று எங்கள் பெரிய சேர் சொல்வார். அவர் சிங்களவர், மாத்தறைப் பக்கம். என் தமிழ்ப் பெயரைச் சரியாக உச்சரிக்க இரண்டு நாள் பழகினார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் அப்பாவுக்கு அடுத்து அவர்தான்.

அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது இது. மலைநாட்டில் சரிவை இறக்குவது பெரும்பாலும் தண்ணிதான். காய்ந்திருக்கும்போது மண் துணிக்கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் மழை பெய்து உள்ளே தண்ணி ஏறினால், அந்தத் தண்ணியின் அழுத்தம் துணிக்கைகளை விலக்கிவிடும். பிடி தளரும். மண் தன் பாரத்தாலேயே நகரத் தொடங்கும். அதனால் நாங்கள் சரிவுக்குள் இரண்டு விதமான துளை போடுவோம். ஒன்று இரும்புக் கம்பியை வைத்து சீமெந்துப் பால் நிரப்புகிற துளை. அது கிடைமட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து பாகை கீழ்நோக்கிப் போகும், பால் வெளியே வழியாமல் உள்ளே நிறைய வேண்டும் என்பதற்காக. மற்றது தண்ணியை இறக்குகிற துளை. அது உள்ளே போகப் போக மேல்நோக்கி ஏறும், தண்ணி தானாக வெளியே வர வேண்டும் என்பதற்காக. அந்தத் துளைக்குள் சிறு சிறு வெட்டு வெட்டிய பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிடுவோம்.

நான் பொறுப்பெடுத்த முதல் சரிவில் முதல் தண்ணிக் குழாய் போட்ட நாளை மறக்க முடியாது. பதினெட்டு மீட்டர் உள்ளே போன பிறகு துளைக்கோலை உருவினார்கள். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இரண்டு நிமிடம் இருக்கும். முதலில் துளை வாயில் சேறு கட்டியாகப் பிதுங்கியது. அப்புறம் செம்மண் குழம்பு. அப்புறம் மஞ்சள் தண்ணி, விரல் பருமனுக்கு. குழாயைச் செருகிக் கால் மணித்தியாலம் போனபின் தெளிந்த தண்ணி வளைந்து விழத் தொடங்கியது. கையை நீட்டினேன். உறைய வைக்கிற குளிர். மலைக்குள் எத்தனை நாள் கிடந்த மழையோ. துளைபோடும் அணியில் கொட்டகலைப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். "நம்ம பீலி மாதிரியே இருக்கு மிஸ்" என்று, தோட்டத்தில் நாங்கள் தண்ணி பிடிக்கிற இடத்தைச் சொல்லி, முகம் கழுவினார். அந்த மாதக் கடைசியில், தண்ணி மட்டம் பார்க்கிற குழாய்களில் அளந்தோம். சரிவுக்குள் தண்ணி இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

அந்த அளவை எழுதியபோது வந்த சந்தோஷத்தை எந்தச் சம்பள உயர்வும் எனக்குத் தந்ததில்லை.

இனி மற்றப் பக்கம். ஒரு பெரிய கம்பனியில் யாரும் கெட்டவர் இல்லை, ஆனாலும் கெட்டது நடக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் எடுத்தது. ஹற்றனுக்கு இப்பால் ஒரு வீதியில், ஒரு வளைவில், நாங்கள் பெரிய சுவர் ஒன்றை முடித்திருந்தோம். இருபத்திரண்டு தண்ணிக் குழாய்கள். அவ்வளவு தண்ணியும் சுவரடிக் கானில் சேர்ந்து, வீதிக்குக் கீழே மதகு வழியாக அந்தப் பக்கம் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். நான் கட்டியதை அவர் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அப்பா சுவரைப் பார்த்தார். உயரத்தைக் கேட்டார். குழாய்களில் ஒன்றில் கைவைத்துப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் வீதியைக் கடந்து மறுபக்கம் போய், மதகு வாயில் குந்தியிருந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"எல்லாத் தண்ணியையும் ஒரே எடத்துல கொண்டாந்து உட்டுட்டீங்களே புள்ள. கீழ தண்ணி எங்க போகும்?"

கீழே தேயிலை. அதற்குக் கீழே, எண்பது மீட்டர் தூரத்தில், பன்னிரண்டு காம்பிரா கொண்ட ஒரு லயம். எங்கள் வரைபடத்தில் அந்த லயம் இல்லை. வரைபடம் மதகின் வாயோடு முடிந்திருந்தது. வீதிக் காணியின் எல்லை அதுதான். நான் அந்த வரைபடத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். லயத்தில் பிறந்தவளாகிய எனக்கே அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று அப்பாவோடு தேயிலைக்குள் இறங்கிப் பார்த்தோம். முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்து, வாய்க்கால் போல் லயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த ஒரு அம்மா, போன மழைக்கு அடுப்படிக்குள் சேறு வந்ததாகச் சொன்னார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சொல்லவில்லையாம்.

திங்கட்கிழமையே எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. அது எங்கள் ஒப்பந்த எல்லைக்கு வெளியே. வீதிக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்டால் அது தோட்டக் காணி. தோட்டத்தில் கேட்டால் தண்ணி வீதியிலிருந்து வருகிறது, அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் சொன்னதும் தாளில் சரியாகத்தான் இருந்தது. ஏழு மாதம் இப்படிப் போனது. இடையில் ஒரு கூட்டத்தில், "நீங்கள் அந்தப் பக்கத்து ஆள், அதனால்தான் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று சொன்னார்கள். எட்டு வருடத்தில் என்னை அதிகம் நோகடித்த சொல் அது. நான் அந்தப் பக்கத்து ஆள்தான். அந்தப் பக்கத்தைத் தெரிந்த ஒருவர் மேசையில் இருப்பது கம்பனிக்குக் கிடைத்த லாபம் என்று இன்றும் நம்புகிறேன்.

மீரியபெத்தை எங்கள் எல்லாருடைய மனத்திலும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை இறங்கி லயங்களை அப்படியே மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கைத் தாளுக்கும் லயத்துக்கும் நடுவில் எங்கேயோ அது நின்றுபோனது. நான் அப்போது பேராதனையில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று விடுதியில் மலைநாட்டுப் பிள்ளைகள் யாரும் சாப்பிடவில்லை.

அதனால் எட்டாவது தடவையாக எழுதினேன், இம்முறை வேறு மாதிரி. அரிப்பின் ஆழத்தை வாரா வாரம் அளந்த கணக்கு, படங்கள், லயத்தில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்ற விபரம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் மழை அளவுகளையும் சேர்த்தேன். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார்நிலை, 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தால் வெளியேற வேண்டும். அந்தப் பக்கத்தில் 100 என்பது ஜூன் மாதத்தில் அபூர்வமே இல்லை. பெரிய சேர் அதை வாசித்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை கொழும்பிலிருந்து தானே வாகனம் ஓட்டி வந்து இறங்கினார். நல்ல மழை. லயம் வரைக்கும் நடந்தார், சப்பாத்தெல்லாம் சேறு. அந்த அம்மா கொடுத்த பிளேன்டியைக் குடித்தார். திரும்பி வந்து வீதி விளிம்பில் நின்றபடியே, இதை நான் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோகிறேன் என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். படிப்படியாக இறங்குகிற கொங்றீட் கான், லயத்தைச் சுற்றி ஓடைவரைக்கும். படி வைத்தால் தண்ணியின் வேகம் ஒவ்வொரு படியிலும் உடையும். இதையும் நான் சொல்ல வேண்டும்: சிறிய கம்பனி ஒன்று மனம் வைத்திருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் செய்திருக்க முடியாது. ஆள், இயந்திரம், பணம், பேசி முடிக்கிற செல்வாக்கு எல்லாம் எங்களிடம் ஏழு மாதமும் இருந்தது. ஒரு ஆள் இறங்கி வந்து பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மொழி இன்னொரு பக்கம். வரைபடமும் குறிப்பும் ஆங்கிலத்தில். காலைப் பாதுகாப்புப் பேச்சு சிங்களத்தில். குழிக்குள் இறங்குகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். பேச்சுச் சிங்களம் எல்லாருக்கும் தெரியும்தான், ஆனால் வேலையைப் பற்றிய நுணுக்கம் வேறு. ஒரு தடவை ஈரமான வெட்டுக்குக் கீழே நிற்கவேண்டாம் என்று சொன்னதை, அலவாங்கை (கடப்பாறையை) கீழே வைக்கவேண்டாம் என்று ஒரு வயதானவர் விளங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். "மாமா, மேல வாங்க!" என்று நான் கத்தியதும்தான் நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு ட்ரக்டர் அளவு மண் அவர் நின்ற இடத்தில் விழுந்தது. அடுத்த நாளிலிருந்து காலைப் பேச்சை நான் தமிழிலும் சொன்னேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இப்போது எங்கள் பிரிவின் எல்லா சைட்டிலும் அது வழக்கம்.

நான் தோற்ற விஷயமும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். தற்காலிக வேலை, நாள்கூலி என்றாலும் சட்டம் ஒன்றுதான். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடத் தங்கள் ஈ.பி.எப். இலக்கம் மனப்பாடம். அதே தோட்டங்களிலிருந்து கொந்தரப்புக்காரர் மூலம் எங்கள் சைட்டுக்கு வருகிறவர்களில் பலருக்கு அது கட்டப்படுவதில்லை. கேட்டேன். அது கொந்தரப்புக்காரரின் விஷயம் என்றார்கள். எழுதினேன். ஆறு பேருக்குப் பதிவு நடந்தது. மற்றவர்கள், "வேண்டாம் மிஸ், நாளைக்கு வேலைக்குக் கூப்புட மாட்டாங்க" என்று என்னையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பயத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2022 எல்லாருக்கும் தெரியும். ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த வேலைகள் அப்படியே நின்றன. ஒரு வருடத்துக்கு முன் ஆயிரத்துச் சொச்சம் விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரம் வரை போனது. டீசலுக்கு எங்கள் வாகனங்கள் இரண்டு நாள் வரிசையில் கிடந்தன. ஐந்து மாதம் பாதிச் சம்பளம். என்னோடு சேர்ந்த ஒன்பது பேரில் ஆறு பேர் நாட்டை விட்டுப் போனார்கள், கட்டாருக்கு, நியூசிலாந்துக்கு. எனக்கும் கட்டாரில் இடம் வந்தது. போகவில்லை. அம்மாவுக்கு அந்த வருடம் சத்திரசிகிச்சை. அதோடு, பாதி வெட்டி நிறுத்திய மூன்று சரிவுகள் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் கிடந்தன. மழை வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு அவற்றை விட்டுப் போக மனம் வரவில்லை. பாதிச் சம்பளத்திலும் கம்பனி ஒருவரையும் நிறுத்தவில்லை. ஊரில் எனக்குத் தெரிந்த இரண்டு சிறிய கொந்தரப்புக்காரர்கள் லொறியை விற்று மூடிவிட்டார்கள். பெரிய இடத்தில் இருப்பதன் அருமை அந்த ஐந்து மாதத்தில் தெரிந்தது.

சேரலாமா என்று கேட்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்: சேருங்கள். அங்கே இருக்கிற அறிவு நம் மலைகளுக்கு வேண்டும், அதை எடுத்துவர நம் ஆட்கள் வேண்டும். சேர்ந்த முதல் வாரமே, உங்கள் வரைபடம் முடிகிற இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து இன்னும் நூறு மீட்டர் கீழே இறங்கிப் பாருங்கள். பார்த்ததைத் திகதி போட்டு எழுதிவையுங்கள்.

அந்த வளைவுச் சுவருக்கு இப்போது எங்கள் பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டது. கணக்குப்படி நான் போகத் தேவையில்லை. போன சனிக்கிழமை போனேன், தொடர்ந்து நாலு நாள் மழைக்குப் பிறகு. இருபத்திரண்டு குழாய்களில் பத்தொன்பது ஓடின, எல்லாம் தெளிந்த தண்ணி. கலங்கி வந்தால்தான் பயம், உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். மூன்று குழாயின் வாயில் துருநிறத்தில் வழுவழுப்பான ஒரு படலம் கட்டி அடைத்திருந்தது. மண்ணில் இருக்கும் இரும்பால் வருவது அது. தண்ணி அடித்துக் கழுவினால் போய்விடும். திங்கட்கிழமை கடிதம் கொடுத்தேன். இன்று வியாழன், இன்னும் பதில் இல்லை. சனிக்கிழமை மறுபடி போகிறேன். நீளமான மூங்கில் ஒன்றை வெட்டி வைத்திருப்பதாக அப்பா சொன்னார், அவரும் வருகிறார்.